குறிப்பேட்டில் ஏறாதவை

தீர்மானம் பதினான்கை எழுதியது நான்தான்.
அல்சூரில் ஒரு பள்ளிக்கூடம், ஐந்தாம் வகுப்பு அறை.
குட்டிப் பெஞ்சுகளில் முட்டி மடங்காமல்
முப்பத்தெட்டுப் பேர்.
கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட
பின்னக் கணக்கு.

'டெல்லி அட்டையை வாங்குவோம்' என்றார் எத்திராஜுலு.
'நம்ம விதான சௌதா அட்டை இருக்கும்போது எதுக்கு?'
இது சவரிமுத்து.
ஒன்றில் ஒரு முகம் சிரிக்கிறது,
மற்றதில் வேறொன்று.
இரண்டும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிய முகங்கள்.
(இது குறிப்பில் இல்லை.)

இருவரும் ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிப்டு,
இப்போது ஒரே டாக்டர், ஒரே மாத்திரை:
காலையில் வெள்ளை, ராத்திரி பாதி.
கட்சி மட்டும் வேறு.
'உன் ஆளுங்க பாக்கி வெச்சதாலதானய்யா
ஆஸ்பத்திரியில நம்மளைத் திருப்பி அனுப்புறான்?'
'உன் ஆளுங்க பங்கை அனுப்பினாத்தானே
எங்காளு கொடுக்க?'
மேசைமேல் இருந்த பள்ளி மணியை அடித்தேன்.
மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள்
வாசல்வரை ஓடி வந்து,
எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

நான் எழுதியது:
'உறுப்பினர்களிடையே கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது.'

பாத்திமுத்து எழுந்து
கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.
அதை எழுதவில்லை.
அன்று கேட்கப்பட்டவற்றுள்
பதில் கிடைத்த ஒரே கேள்வி அது.

முப்பத்தொரு வருஷம் டெலிபோனுக்குக் காயில் சுற்றினேன்.
தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி
விரல்களுக்கு நடுவில்தான் ஓடும்.
ஓடி ஓடி ரேகையைக் கொண்டுபோய்விட்டது.
யார் யார் வீட்டிலோ அது மணியடித்திருக்கும்.
இப்போது அட்டைக்கு விரல் வை என்கிறார்கள்.
வைத்தேன். சிவப்பு விளக்கு.
துடைச்சிட்டு வைங்கம்மா.
எண்ணெய் தொட்டு வைங்கம்மா.
வேற விரல், வேற விரல்.
பத்தும் தீர்ந்தது.
டெல்லி இயந்திரத்திலும் சிவப்பு,
விதான சௌதா இயந்திரத்திலும் சிவப்பு.
இந்த ஒரு விஷயத்தில்
இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

தேர்தலன்று அதே விரலில் மை வைத்தார்கள்.
உடனே பிடித்துக்கொண்டது.
நகத்தோடு வளர்ந்து வெளியேற
மாசக்கணக்காயிற்று.

அன்று சவரிமுத்துவின் வீட்டு வாசலுக்கே
சக்கர நாற்காலி வந்தது.
தள்ளுவதற்கு இரண்டு கட்சிப் பையன்களும் போட்டி.
அடுத்த வியாழக்கிழமை
ரத்தம் சுத்திகரிக்கப் போகும்போது
எத்திராஜுலுவின் பழைய ஸ்கூட்டர்தான்.
டிரினிட்டி சர்க்கிள் சிக்னலில் பார்த்தேன்:
பின்னால் இருந்தவர்
முன்னால் இருந்தவரின் கட்சியைத் திட்டிக்கொண்டே
அவர் தோளைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.
சிக்னல் விழுந்த பிறகும்
பதில் சொல்லி முடிக்காமல் வண்டி எடுக்கவில்லை.
பின்னால் ஒரு பஸ் அலறியது.

கூட்டத்துக்கு வருகிறேன்.
'அட்டையைத் தேர்ந்தெடுப்பது குறித்து
அடுத்த கூட்டத்தில் பேசலாம்' என்று முடித்தார்கள்.
போன கூட்டத்திலும் அப்படித்தான் முடித்தார்கள்.
போன கூட்டத்தில் நாங்கள் நாற்பது பேர்.

அதனால் தீர்மானம் பதினான்கில்
யாரும் முன்மொழியாத ஒரு வரியை
நானே சேர்த்தேன்:
'அட்டையில் பெரிய படம் ஒன்று வேண்டுமானால்
அது நோயாளியின் படமாக இருக்கட்டும்.
அவர் சிரிக்க வேண்டிய கட்டாயமில்லை.'
தலைவர், பொருளாளர், இருவரும்
படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.
கண்ணாடி கொண்டுவரவில்லையாம்.

தேநீர்:
சர்க்கரை இல்லாதது முப்பத்தொன்று.
போட்டது ஏழு.